எங்கள் தெரு மிலிட்டிரியும் எம்எல்ஏ அண்ணனும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்கிறேன். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில், எங்கள் எம்எல்ஏவின் அலுவலகம் இருந்தது. அவர் தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்தார். அந்தப் பத்து வருஷமும் நான்தான் அங்கே டைப்பிஸ்ட். தொண்ணூறுகளில் சேர்ந்தபோது 'எ' விழாத ஒரு பழைய டைப்ரைட்டரோடு மல்லுக்கட்டினேன், பிற்பாடு கம்ப்யூட்டர் வந்தது. மனு கொண்டுவருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ரேஷன் கார்டு நகல் இல்லையா, போய் எடுத்துக்கொண்டு வா. கையெழுத்து இல்லையா, போட்டுவிட்டு வா. "உள்ள கீற சாமி நல்ல சாமி, வெளிய கீற பூசாரிதான் பேஜாரு" என்று ஒருவர் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே சொன்னதை என் காதாலேயே கேட்டேன். கேட்டுவிட்டு அவர் மனுவைத்தான் முதலில் டைப் செய்தேன் என்பது வேறு விஷயம்.

அண்ணன் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வோம். மனிதர் ஒரு இடத்தில் உட்கார மாட்டார். காலையில் காதுகுத்து, பத்து மணிக்குக் கண் சிகிச்சை முகாம், மத்தியானம் ஒரு சாவு, சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரையில் வாலிபால் இறுதிப்போட்டி. சாப்பாடு ஜீப்பிலேயே நடக்கும். போகிற இடமெல்லாம் போர்த்தும் பொன்னாடைகள் அலுவலகத்து பீரோவில் அடைந்து கிடக்கும். சரிகை உதிர்ந்து என் ஃபைலெல்லாம் மினுக்கும். நான் கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டைக் கொண்டுவந்து வைப்பார்.

எதற்கும் நேரத்துக்கு வராத அந்த மனிதர் நேரத்துக்கு வருகிற நாள் ஒன்று உண்டு. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. அன்றைக்கு முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மட்டும்தான் அலுவலகம். ஒன்பது மணி என்றால் அவர்கள் எட்டரைக்கே வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், சுவர் ஓரமாக நிமிர்ந்து நிற்பார்கள். பென்ஷன் நின்றுபோன விதவை, மகனின் காலேஜ் சீட்டுக்குச் சான்றிதழ் கேட்டு அலைகிறவர், சியாச்சின் பனியில் இருந்துவிட்டு வந்து சொந்த நிலத்தின் வரப்புத் தகராறில் தோற்றுப்போனவர். அண்ணன் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து உட்கார வைத்து, "எந்த ரெஜிமென்ட், எத்தினி வருஷம்" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அதற்கே பாதி நாள் போய்விடும். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், அவர் என்னைப் பார்க்கவே மாட்டார்.

ஒரு தடவை அவரோடு ஜீப்பில் கேளம்பாக்கம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். படூரில் புதிதாக எழும்பிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி உடையில் நின்ற ஒரு பெரியவர், ஜீப்பின் கொடியைப் பார்த்து சல்யூட் வைத்தார். வைத்த விதத்தைப் பார்த்ததுமே அண்ணன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். "நீங்க எனக்கு வைக்கக் கூடாது, நான்தான் உங்களுக்கு வைக்கணும்" என்று தப்பும் தவறுமாக ஒரு சல்யூட் வைத்தார். பெரியவர் பதறிப்போய் அவர் முழங்கையைப் பிடித்துச் சரியான கோணத்தில் தூக்கிவிட்டார். பின்னால் நின்ற ஐ.டி. கம்பெனி கார்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. நாங்கள் போக வேண்டிய கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல, ஆனாலும் அந்த நாளை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பருக்கு அடுத்த வருஷக் கடைசியில், அண்ணன் ஒரு முடிவு செய்தார். வருகிற குடியரசு தினத்தில் தொகுதியில் இருக்கும் முன்னாள் படைவீரர்கள் அத்தனை பேரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து மரியாதை செய்ய வேண்டும். இடம், கல்பாக்கம் போகிற வழியில் கடலை ஒட்டி இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம். பட்டியல் போடும் வேலை என்னுடையது. படைவீரர் சங்கத்துத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார். மகன் அணுமின் நிலையத்தில் வேலை என்பதால் அணுபுரத்தில் மகனோடு இருந்தார். அவர் என் மேஜை முன் வந்து நின்று ஒரே ஒரு கட்டளை போட்டார்.

"டிஸ்சார்ஜ் புக் பாக்காம ஒரு பேரும் ஏறக் கூடாது. நம்பர் இருந்தா ஆளு. நம்பர் இல்லைன்னா ஆளு இல்ல."

எனக்குப் பிடித்த மாதிரி ஒரு மனிதர் கடைசியில் கிடைத்தாரே என்று சந்தோஷப்பட்டேன். ராணுவத்தை விட்டு வரும்போது படை நம்பர் போட்டுக் கையில் கொடுத்தனுப்பும் அந்தச் சின்னப் புத்தகத்தைக் காட்டாமல் ஒருவரையும் நான் விடவில்லை. எண்பது வயதுக்காரர் ஒருவர், மழையில் கரைந்துபோன புத்தகத்தை பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு திருக்கழுக்குன்றத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். அவரைக்கூட நம்பர் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பி, வேறு காகிதம் கொண்டுவர வைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் அந்தப் பட்டியலில் முதல் பெயரை நான் எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல்தான் டைப் செய்திருந்தேன். எங்கள் தெரு மிலிட்டிரி மாமாவின் பெயர். நம்பர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'பின்னர்' என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது என்னைப் போன்றவர்களுக்காகவே சொன்னது.

மிலிட்டிரி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். குண்டு பட்ட கால் என்று தெருவே சொல்லும். பள்ளிக்கூடத்தில் குடியரசு தின மார்ச் பாஸ்டுக்குப் பிள்ளைகளைப் பழக்குவது எப்போதும் அவர்தான். பைப் உடைந்தால் அவர், பாம்பு வந்தால் அவர், தேர்தலன்று வாக்குச்சாவடியில் வரிசையை ஒழுங்கு பண்ணுவதும் அவர். கடல் வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் மூன்று ஊர் ஜனம் தங்கியிருந்ததே, அப்போது பதினைந்து நாள் ஆளுயர அண்டாவை வைத்துச் சோறு ஆக்கிப்போட்டார். ஒரு வேளைகூடக் குறையவில்லை, மிஞ்சவும் இல்லை. துப்பாக்கி பிடித்த மனிதருக்கு இத்தனை பேருக்கு உலை வைக்கும் கணக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மிலிட்டிரி என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

அவர் மனைவியை நான் அத்தை என்பேன். குழாயடியில் அத்தையோடு மோதி ஜெயித்தவர்கள் கிடையாது. "மிலிட்டிரிக்காரன் பொண்டாட்டி நானு. எங்கூட்டுக்காரரு எல்லையில நின்னப்ப நீ எங்க நின்ன?" என்று குடத்தை நங்கென்று வைத்தால், எதிரில் நிற்பவள் வாயை மூடிக்கொண்டு பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். விழாவுக்காக அத்தை ஒரு பட்டுப்புடவையே எடுத்துவிட்டாள். முன்வரிசையில் தனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லியும் வைத்தாள்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. அப்போதுதான் ஃப்ளெக்ஸ் வந்த புதிது, எதற்கெடுத்தாலும் ஃப்ளெக்ஸ். எங்கள் தெரு வாலிபர்கள் மாமல்லபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துச் செய்த வேலை அது. வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்த மாமாவின் தலை. அதற்குக் கீழே துப்பாக்கியும் பதக்கமுமாக எவனோ ஒரு ஆறடி ஆளின் உடம்பு. பின்னால் பனிமலை, ஒரு டாங்கி, ஒரு சிங்கம். ஓரத்தில் அண்ணன் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். 'எல்லை காத்த எங்கள் சிங்கமே' என்று எழுதி, கீழே பன்னிரண்டு வாலிபர்களின் பாஸ்போர்ட் போட்டோ. மாமாவின் முகம் கறுப்பு, துப்பாக்கியைப் பிடித்திருந்த கைகள் வெள்ளைக்காரனுடையவை. அதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று நானும்தான் சொன்னேன்.

அன்றைக்கு மத்தியானமே மாமா செங்கல்பட்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அவர் அந்த மாடிப்படி ஏறி நான் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"பாப்பா, அந்த லிஸ்ட்ல இருந்து எம் பேர எடுத்துரு" என்றார்.

"ஏன் மாமா, இன்னா ஆச்சு? புக் எங்கயாவது கெடக்கும், தேடிப் பாருங்க."

"புக்கே இல்லம்மா."

"தொலைஞ்சுபோச்சா? அண்ணன்கிட்ட சொல்லி டூப்ளிகேட்டுக்கு எழுதிரலாம்."

"தொலையல. எனக்கு யாரும் குடுக்கவே இல்ல. நான் மிலிட்டிரியே இல்ல, பாப்பா."

மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். பத்தொன்பது வயதில், செங்கல்பட்டு ஸ்டேஷனில் ஆள் பிடித்த ஒரு காண்ட்ராக்டரோடு வடக்கே மலையில் ரோடு போடும் வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே ரோடு வேலை நின்றதும், மேலே பனியில் நிற்கும் பட்டாளத்துக்கு மண்ணெண்ணெயும் ரொட்டியும் முதுகில் சுமந்து ஏற்றும் கூலியாக ஆகிவிட்டார். மீதி நேரம் சமையல் கூடாரத்தில் எடுபிடி. நான்கு குளிர்காலம். இரண்டு கால்விரல்கள் பனியில் செத்துப்போய் வெட்டி எடுத்தார்கள். குண்டு ஒன்றும் படவில்லை. மார்ச் பாஸ்ட், கூடாரத்து வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துக் கற்றது.

"அப்புறம் எப்படி மிலிட்டிரின்னு..." என்றேன்.

"நான் சொல்லலம்மா. ஊருக்குத் திரும்பி வர்றப்ப ஒரு பட்டாளத்துக் கோட்டு குடுத்தாங்க, பழசு. போட்டுக்கினு எறங்கினேன். நல்ல கத்திரி வெயிலு. டீக்கடையில ஒருத்தன், மிலிட்டிரி வந்துட்டாருடான்னான். நான் சிரிச்சேன். இல்லன்னு அப்பவே சொல்லியிருக்கணும். ஒரு நாள் வுட்டா மறுநாள் சொல்ல முடியல. அப்புறம் பொண்ணு பாக்கப் போனோம், அங்கயும் மிலிட்டிரி மாப்ளன்னாங்க. நான் பாயசத்த குடிச்சிகினு இருந்தேன்."

எனக்கு வந்ததே ஒரு கோபம். எழுந்து நின்று கத்தினேன். எண்பது வயதுக் கிழவரை நம்பருக்காக நடக்க வைத்தேனே, உங்களை நம்பித்தானே முதல் பெயராகப் போட்டேன், முழுப் பூசணிக்காயை முப்பது வருஷமாகச் சோற்றில் மறைத்தீர்களே, என் மூஞ்சியை நான் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். என்னைத் தூக்கி வளர்த்த தெருவின் மனிதர் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பேர எடுக்கறப்ப காரணம் எதுவும் வெளிய சொல்லாத. உங்கத்தைக்குத் தெரியக் கூடாது. மிலிட்டிரிக்காரன் பொண்டாட்டின்னு அவ தல நிமிந்து நடந்துகினு கீறா. அது மட்டும் போச்சுன்னா நான் வூட்டுக்குள்ள எப்படிப் போவேன்?"

கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. இறங்கின இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. நோட்டீஸ் அச்சாகிவிட்டது, ஃப்ளெக்ஸ் நிற்கிறது, அத்தையின் புடவைக்கு ஜாக்கெட் தைத்தாகிவிட்டது. பேரை எடுத்தால் தெரு கேட்கும். விட்டால் சுபேதார் கேட்பார், அதுவும் மேடையில்.

சாயங்காலம் அண்ணன் மாமல்லபுரம் கடற்கரையில் இருந்தார். மீனவர் குப்பத்துக்கும் சிற்பக்கலை படிக்கிற பிள்ளைகளுக்கும் வாலிபால் நடந்துகொண்டிருந்தது. பஸ் பிடித்து அங்கேயே போனேன். சுபேதாரும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். போனதும் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"அந்த பேனர் யாரு வெச்சது? அது நம்ம நாட்டு யூனிஃபார்மே இல்ல. பதக்கத்த இடது வலது தெரியாம மாத்தி வெச்சிருக்கான். யாரு அந்த ஆளு, நம்பர் இன்னா?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். என் தப்பையும் சேர்த்துச் சொன்னேன். சுபேதார் முகம் சிவந்து எழுந்துவிட்டார். "இது அவமானம். நான் பேனர கிழிக்கச் சொல்லப் போறேன்" என்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊருக்கெல்லாம் புக் கேட்ட, உன் தெருவுக்கு மட்டும் கேக்கலையா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், நான்தான் அழுதுவிட்டேன்.

"இன்னாண்ணே பண்றது? சமூக சேவகர்னு மாத்திப் போட்டு சமாளிச்சுரலாமா?"

"சமாளிக்க வேணாம். லிஸ்ட்ல இருந்து பேர எடுத்துரு, அது நியாயம். ஆனா அவருக்கு மேடையில ஒரு நாற்காலி போடு" என்றார். சுபேதார் நாற்காலியைக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

விழாவுக்கு முதல் நாள் விடிந்ததும் விடியாததுமாக ஜீப் எங்கள் தெருவுக்கு வந்தது. அண்ணன் என்னை எழுப்பி, சைக்கிள் கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். மாமா அப்போதுதான் கதவுப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தார். எம்எல்ஏவைப் பார்த்ததும் கையிலிருந்த பலகை கீழே விழுந்தது. அண்ணன் அதை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பஞ்சர் ஒட்டும் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் ஆர்மிக்குப் போனது தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். எனக்கே அது புதுச் செய்தி.

"பதினெட்டு வயசுல, மெட்ராஸ்ல ஆள் எடுத்தாங்க. ஜட்டியோட நிக்க வெச்சு மாரு அளந்தான். ரெண்டு இஞ்ச் பத்தல, போடான்னுட்டான். ஊர்ல வந்து, இன்னொரு வாட்டி கூப்ட்றேன்னு சொல்லிக்கீறாங்கன்னு பொய் சொன்னேன். எங்கம்மா சாகற வரைக்கும் அந்தக் கடுதாசி வரும்னு பாத்துகினு இருந்துச்சு. நீங்களாவது மலைக்கு மேல போயிட்டு வந்தீங்க."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் எழுந்து அவர் தோளில் கை போட்டார்.

"மேடையில உங்கள மிலிட்டிரின்னு நான் சொல்ல மாட்டேன். இல்லன்னும் சொல்ல மாட்டேன். நீங்க செஞ்சத மட்டும் சொல்லி மைக்க குடுப்பேன். வணக்கம்னு சொல்லிட்டு எறங்கினாலும் சரி, உங்க இஷ்டம்" என்றார். டீ வேண்டுமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர் அண்ணன். இரண்டு டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் மைதானம் நிறைந்து கிடந்தது. பெரியவர்கள் எல்லோரும் பதக்கத்தைத் துடைத்துக் குத்திக்கொண்டு, கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கருநீலப் பட்டில் முன்வரிசை நடு நாற்காலியைப் பிடித்திருந்தாள். நான் ஒவ்வொரு பெயராக வாசித்தேன், அண்ணன் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, ஒவ்வொருவருக்கும் சல்யூட் வைத்தார். இந்த முறை முழங்கை சரியாக இருந்தது. முதல் பெயராக மாமாவை எதிர்பார்த்த எங்கள் தெருக்காரர்கள், பட்டியல் முடிந்தும் அவர் பெயர் வரவில்லை என்றதும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் மைக்கை வாங்கினார்.

"இந்தப் பள்ளிக்கூடத்துல இத்தினி வருஷம் புள்ளைங்களுக்கு மார்ச் பாஸ்ட் சொல்லிக்குடுத்தவரு, கடல் வந்தப்ப பதினஞ்சு நாள் நமக்கெல்லாம் சோறு போட்டவரு, ரெண்டு வார்த்த பேசுவாரு."

மாமா மைக்கைப் பிடித்தார். வணக்கம் என்றார். அதோடு இறங்கிவிடுவார், இறங்கிவிடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அவர் இறங்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தார், உடனே பார்வையைத் தூக்கித் தென்னைமரத்தைப் பார்த்தார்.

"நான் மிலிட்டிரி இல்ல. மிலிட்டிரிக்கு ரொட்டி தூக்கிகினு போனவன். கால்ல குண்டு படல, பனியில வெரலு போச்சு. நீங்களா மிலிட்டிரின்னு கூப்ட்டீங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு, வுட்டுட்டேன். இங்க உக்காந்து கீற பெரியவங்க மன்னிக்கணும்" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "வூட்லயும் மன்னிக்கணும்."

எல்லோரும் அத்தையைத்தான் பார்த்தோம். அத்தை புடவை மடிப்பை நீவிக்கொண்டு எழுந்தாள். குழாயடிக் குரல், அதற்கு மைக் தேவையில்லை.

"யோவ், அதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லியாச்சுல்ல, எறங்கி வா. அங்க பந்தி வெச்சு சாம்பார் ஆறுது."

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மைதானமே சிரித்தது. மாமா மட்டும் மைக்கைப் பிடித்தபடி அத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுபேதார் எழுந்து அவரிடம் போனார். அடிக்கப்போகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. மாமாவின் கையிலிருந்து மைக்கை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கிட்ட நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நான் நின்னது வேற மலை. அங்கயும் ஒருத்தன் தெனம் தூக்கிகினு வருவான். ரொட்டி ஒரு நாளும் சூடா இருந்ததில்ல. ஒரு நாளும் வராம இருந்ததும் இல்ல. ரெண்டு வருஷம் தின்னேன், அவன் பேர நான் கேக்கவே இல்ல." பிறகு மாமாவைப் பந்திக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பட்டியலில் பெயர் ஏறவில்லை. நம்பர் இல்லையென்றால் இல்லைதான், அதில் அவர் மாறவில்லை.

அடுத்த தேர்தலில் அண்ணன் தோற்றுப்போனார். காதுகுத்துக்கும் சாவுக்கும் போவதை அவர் நிறுத்தவில்லை, இரண்டாவது சனிக்கிழமையையும் நிறுத்தவில்லை. மருந்துக்கடை மாடியைக் காலி செய்த பிறகு, தன் வீட்டு வராந்தாவில் நான்கு பெஞ்ச் போட்டு உட்கார்ந்தார். அவருக்காக நானும் கொஞ்ச நாள் சும்மாவே போய் டைப் செய்துகொடுத்தேன். எங்கள் தெருவில் மாமாவை இன்றைக்கும் மிலிட்டிரி என்றுதான் கூப்பிடுகிறோம். முப்பது வருஷமாக வாய்க்குப் பழகிய பேரை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

விழா முடிந்த அன்று சாயங்காலமே நான் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது எனக்கு.

"எப்ப இருந்து அத்தை தெரியும்?"

"கல்யாணமான மொத மாசமே. ஒண்ணாந்தேதி வந்துச்சு, பென்ஷன் வரல. ரெண்டாம் மாசமும் வரல. குண்டு பட்டும் பென்ஷன் வராம, கேண்டீன் அட்டையும் இல்லாம எந்த ஊர்ல மிலிட்டிரி கீறான்? நீ தெனம் பென்ஷன் மனுதான அடிச்சுகினு கீற, உனக்குத் தோணலையா?"

எனக்குத் தோணவில்லை.

"அப்புறம் ஏன் குழாயடியில அந்தச் சண்டை, எல்லையில நின்னாருன்னு?"

"நான் கொஞ்சம் சத்தமா சொன்னா, வேற எவளும் அதப் பத்திக் கேள்வி கேக்க மாட்டாள்ல."

"அவரக் கேட்டிருக்கலாமே அத்தை. முப்பது வருஷம்."

அத்தை புடவையின் கடைசி மடிப்பைத் தட்டிப் பெட்டியில் வைத்தாள். வாசலில் மாமா யாருக்கோ சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டிருந்தா அந்தாளு எங்கிட்ட பொய் சொல்லியிருக்கணும்" என்றாள். "நான் கேக்கல. அதனால இந்த முப்பது வருஷத்துல எம் புருஷன் எங்கிட்ட ஒரு பொய் கூடச் சொன்னதில்ல."